குற்றமுள்ள பளிங்கு

பளிங்கு என்றவுடன் நம் வாசகர்க்கு மணிமேகலையின் பளிக்கறை நினைவுக்கு வரும். உள்ளிருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் மட்டும் வாராது. பளிங்கின் பெருமை அதன் தெளிவே என்பது நமது பழைய கொள்கை. சிலம்பின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவிலும் மணிகளின் குற்றமும் குணமும்தான் பேச்சு. கல்லுக்குள் வேறொரு பொருள் புகுந்திருந்தால் அது குற்றம். இன்றைய கனிமச் சேகரிப்பாளர்களோ அந்தக் குற்றத்தையே தேடிச் சென்று பணம் கொடுக்கிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

வந்தவாசியை அடுத்த தெள்ளார், பெயரிலேயே தெளிவைச் சுமக்கும் ஊர். மூன்றாம் நந்திவர்மனுக்குத் 'தெள்ளாறு எறிந்த' என்ற அடைமொழியைத் தந்த போர்க்களம். நந்திக்கலம்பகம் படித்தவர்க்கு இதற்குமேல் அறிமுகம் வேண்டாம். அந்தப் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஏர்க்காலில் இடறும் வெள்ளைக் கல்லை வெங்கச்சாங்கல் என்பார்கள். இரண்டை எடுத்து இருட்டில் உரசினால் உள்ளே மங்கலாய் ஓர் ஒளி ஓடும். கிராமத்துப் பிள்ளைகள் அறிந்த விளையாட்டு இது. அந்தக் கல்லும் பளிக்கறைப் பளிங்கும் ஒரே குவார்ட்ஸ்தான். ஒன்று நெருக்கடியில் உருவானது, மற்றது விரிந்து வளர இடம் கிடைத்தது. வேறுபாடு அவ்வளவே.

பாறைப் பிளவுகளில் ஊறிய வெந்நீர்க் கரைசலில் பளிங்கு மெல்ல வளர்கிறது. வளரும்போது அருகிலிருப்பவற்றை விழுங்கிக்கொள்கிறது. பொன்னிழைகளாய்த் தெரிவது ரூட்டைல், அதாவது டைட்டேனியம் ஆக்சைடு. கரிய ஊசிகள் டூர்மலின். செம்பொட்டுகள் ஹெமடைட் என்னும் இரும்புத்தாது. பாசிபோல் பச்சையாய்ப் படர்ந்திருப்பது குளோரைட். இமாசலத்தின் மணிகரண் பகுதிக் கற்களில் இதைக் காணலாம். சில கற்களில் வளர்ச்சி இடையில் நின்றிருக்கும். நின்ற வேளையில் முகங்களின்மேல் குளோரைட் துகள் படியும். பிறகு பளிங்கு மீண்டும் வளர்ந்து அதை மூடிவிடும். உள்ளே ஒரு சிறிய பளிங்கின் நிழலுரு நிற்கும். பேய்ப்பளிங்கு என்று ஆங்கிலேயர் இதற்குப் பெயரிட்டது சற்றே மிகைதான். தன் இளமையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கல் என்று நாமாக இருந்தால் சொல்லியிருப்போம்.

சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் கூபலின் (1913–2005) தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த 'அழுக்குகளை' உருப்பெருக்கியில் பார்ப்பதிலேயே கழித்தார். ஜான் கொய்வுலாவுடன் அவர் 1986இல் வெளியிட்ட படத்தொகுப்பு துறையின் அடிப்படை நூல். கல் எந்த நிலத்தில் எப்படிப் பிறந்தது என்பதற்கு உள்ளடக்கமே சாட்சி. மாசே இல்லாத பளிங்கை இன்று ஆலையில் வளர்த்துவிடலாம். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் ஸ்படிக மாலை வாங்குவோர் குமிழி தெரிந்தால் மட்டும் ஐயுறுகிறார்கள். துளியும் குறையற்ற, மலிவான மாலையையே முதலில் ஐயுற வேண்டும். அவெஞ்சுரின் கதை இன்னும் வேடிக்கை. மின்னும் துகள்கள் கொண்ட முரானோ கண்ணாடிக்குத்தான் முதலில் அப்பெயர். பிறகே அதைப் போன்ற கல்லுக்கு வந்தது. போலியின் பெயரை அசல் வாங்கிக்கொண்டது!

இவ்வளவு ஆர்வமூட்டிய பின் ஒரு தடையும் சொல்லியாக வேண்டும். நொய்யல் கரையின் கொடுமணல், பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் புகழும் கொடுமணம் என்பது ஆய்வாளர் முடிபு. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் குவார்ட்ஸ், செவ்வந்திக்கல், பச்சைக்கல் ஆகியவற்றோடு, மணி செய்கையில் சிதறிய செதில்களும் முடிவுறாத மணிகளும் கிடைத்தன. தொழிற்கூடம் எங்கே இருந்தது, கல்லை எப்படி உடைத்தார்கள் என்பதைச் சொல்பவை அந்தச் செதில்களே. அருங்காட்சியகத்தின் அழகிய மணியைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம் என்போம். பழைய மணி என்று சொல்லி இத்தகைய இடங்களில் பொறுக்கியவற்றை விற்பவர் உண்டு, வாங்குபவரும் உண்டு. நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆனால் உள்ளூர்ச் சந்தையில் கைமாறும் சிறு மணியை யார் பார்க்கிறார்கள்?

ஆகவே ஏர் புரட்டிப் போட்ட வெங்கச்சாங்கல்லை நிலத்துக்காரரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். துளையிட்டதோ செதுக்கியதோ கண்ணில் பட்டால் அங்கேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வாங்கிய கல்லோ எடுத்த கல்லோ, ஊர்ப்பெயரும் நாளும் எழுதிய ஒரு சீட்டு அதனுடன் இருக்கட்டும். சீட்டைக் கல்லில் ஒட்ட வேண்டாம், பெட்டிக்குள் போட்டால் போதும்.