பழைய படகும் புதுக் கடனும்

நெசவாளரும் விவசாயிகளும் வாசிக்கும் இப்பத்திரிகையில் படகைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் வியக்கலாம். 2019-ம் ஆண்டு நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகும் வரை, காஞ்சிபுரத்துத் தறிகளும் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தவையே. நமது பாலாறு கடலிற் கலப்பதும் அக்கரையில்தான். அன்றியும், அங்கே ஒரு மீனவருக்கு நேர்ந்த நஷ்டம், கடன் பெற்றுத் தறியோ பம்புசெட்டோ வாங்கும் நம்மவர் அனைவருக்கும் பாடமாகத்தக்கது.

அவர் பிறர் படகில் பங்குக்குச் சென்று வந்தவர். சொந்தப் படகு வேண்டுமென்ற ஆவலால், கடன் தொகை முழுவதையும் கொடுத்து, பழைய பைபர் படகு ஒன்றையும் அதன் பின்புறம் மாட்டும் எஞ்சினையும் வாங்கினார். எஞ்சினுக்குப் புது வர்ணம் பூசியிருந்தது. கரையிலேயே இரண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டினார்கள். மூன்றாவது வாரம் அது நடுக்கடலில் நின்றுவிட்டது. வேறொரு படகு இழுத்து வந்து கரை சேர்த்தது. உதிரிப் பாகம் வாங்கக் கையில் பணமில்லை. படகு மணலிற் கிடந்தது. தவணை மட்டும் மாதந்தோறும் வந்தது.

பழைய பொருளை வாங்குவதே தவறென்று நான் கூறவில்லை. முதன்முதலாக வாங்குவோர்க்குப் பழையதே தக்கது என்பது என் கருத்து. ஆனால் வாங்கும் முறை ஒன்று உண்டு.

முதலில் படகைத் தேர்ந்து, அதற்கேற்ற எஞ்சினைப் பின்னர் தேர்தல் வேண்டும். அலையடிக்கும் மணற்கரையில் நாலு பேர் தள்ளி ஏற்றக்கூடிய கனமே உகந்தது. எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசை நன்று. மந்தமான ஓசை உள்ளிருக்கும் மரம் நீர் குடித்து உளுத்திருப்பதற்கு அறிகுறி. அத்தகைய பலகையில் அதிகக் குதிரைசக்தி எஞ்சினை மாட்டுவது ஆபத்து.

எஞ்சினை ஓட்டச் சொல்லுமுன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாயிருப்பின், நாம் வருமுன்பே ஓட்டி வைத்துள்ளனர் என்று பொருள். ஆறிய எஞ்சின் எளிதிற் கிளம்புகிறதா என்பதே சோதனை. ஆயில் எஞ்சின் வாங்கிய விவசாயி இதனை அறிவார். குளிர்விக்கும் நீர் தாரையாக வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். நீரின்றிக் கரையில் ஓட்டிக் காட்டினால் அந்த நீரேற்றும் பகுதியே கெட்டுப்போகும். அடிப்பாகத்திலுள்ள பற்சக்கர எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் கடல்நீர் உட்புகுந்துவிட்டது. இவையெல்லாம் சரியாயிருப்பினும், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரமாவது கடலில் ஓட்டிப் பார்த்தல் அவசியம். பழைய தறியை வாங்கும் நெசவாளர் பாவு ஏற்றி ஒரு சாணாவது நெய்து பார்க்காமல் விலை பேசுவாரா? பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் படகில் எழுதிய எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் மறவாமல் பார்க்க வேண்டும்.

எந்த எஞ்சின் சிறந்தது என்று பலர் வினவுகிறார்கள். பக்கத்து ஊரில் எதனைப் பழுது பார்ப்பார்களோ அதுவே சிறந்தது. 1980-ல் தோன்றி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டும் தளங்களோடு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைகளையும் ஏற்படுத்தியது. விற்பதோடு சங்கத்தின் கடமை தீராது என்று அவர்கள் உணர்ந்தார்கள்.

நான் வற்புறுத்த விரும்புவது இதுவே. அம்மீனவருக்குக் கடன் வழங்கியவர்கள் ஜாமீன் கையெழுத்தைப் பார்த்தார்கள், எஞ்சினைப் பார்க்கவில்லை. பின்னர் கணக்குகளைப் பார்வையிட்ட நானும் காகிதங்களையே பார்த்தேன். ஆகவே அக்குறையில் எனக்கும் பங்குண்டு. பழைய சாதனம் வாங்கக் கடன் கேட்போருக்கு, தொழிலறிந்த அங்கத்தினர் ஒருவரும் மெக்கானிக் ஒருவரும் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த பின்னரே சங்கம் பணம் வழங்க வேண்டும். தொகையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருஷப் பழுதுச் செலவுக்கென நிறுத்தி வைக்கவும் வேண்டும்.

இதனால் தாமதமாகும், நல்ல பொருள் கைதவறிப் போகும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ஒரு நாள் பொறுக்க மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே மேல். யானை வாங்கப் பணமுண்டு, அங்குசம் வாங்கப் பணமில்லை என்ற நிலையில் ஓர் அங்கத்தினரைக் கடலுக்கு அனுப்பினால், இழப்பது கடன் தொகை மட்டுமன்று, உயிரும் போகலாம். நமது சங்கங்களின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டங்களில், தறிக்கும் பம்புசெட்டுக்கும் இவ்விதியையே ஏற்படுத்துவது பற்றி அங்கத்தினர்கள் பிரஸ்தாபிக்க வேண்டுகிறேன்.