செக்ரட்டரி கார்

அமெரிக்காவில் பழைய மசில் கார்களைச் சேகரிக்கும் ஆண்கள் தவறாமல் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: "ஹைஸ்கூல் படிக்கும்போதே கண்ட கனவு." அறுபது, எழுபது வயதில், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகு, ஒரு செவெல், ஒரு ஜிடிஓ, ஒரு சேலஞ்சர் என்று வாங்கி நிறுத்திவிட்டு, கண் கலங்கச் சொல்வார்கள். கேட்பவர்களுக்கு மனம் இளகும். எனக்கும் இளகியிருக்கிறது. டெட்ராய்ட் புறநகரில் குடியிருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் அந்தக் கார்கள் வரிசைகட்டி உறுமிக்கொண்டு போவதைப் பார்க்க வருடா வருடம் போய் நிற்கிறேன். அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து அறையும். பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் சண்டை காரோடு அல்ல, அந்த வாக்கியத்தோடு. அந்த ஹைஸ்கூலில் அந்தக் கனவைக் காண யாருக்கு அனுமதி இருந்தது?

அறுபதுகளின் அமெரிக்கப் பள்ளிகளில் ஆட்டோ ஷாப் என்றொரு வகுப்பு இருந்தது. என்ஜினைக் கழற்றவும் பூட்டவும் கற்றுத்தருவார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது பையன்களுக்கு. பெண்களுக்குச் சமையலும் தையலும். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்தது 1972இல். வகுப்புகளை இப்படிப் பிரிக்கக் கூடாது என்ற விதிகள் நடைமுறைக்கு வந்தது 1975இல். மசில் கார்களின் காலமோ 1964இல், நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காரின் என்ஜினைத் திணித்த பான்ட்டியாக் ஜிடிஓவோடு சூடுபிடித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் அதை நெரித்தன. 1973 எண்ணெய் நெருக்கடி முடித்துவைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண்களுக்கு வகுப்பறைக் கதவு திறந்தபோது கடையைக் கட்டிவிட்டார்கள்.

பணத்துக்கும் இதே கதைதான். 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை, சம்பாதிக்கிற பெண்ணிடமும் வங்கி கணவன் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ கேட்கலாம். மணமானவளின் சம்பளத்தை, நாளைக்குப் பிள்ளை பெற்று வேலையை விட்டுவிடுவாள் என்று சொல்லிப் பாதியாகக் குறைத்துக் கணக்கிடலாம். கேட்டார்கள், கணக்கிட்டார்கள்.

இத்தனையையும் மீறிப் பெண்கள் கார் வாங்கினார்கள் என்பதுதான் யாரும் சொல்லாத பகுதி. ஃபோர்ட் மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அதற்கு இரண்டு நாள் முன்பே சிகாகோவின் ஒரு ஷோரூமில் ஒருவர் அதை வாங்கிவிட்டார். தெரிந்தவரை முதல் மஸ்டாங் விற்பனை அதுதான். வாங்கியவர் 22 வயதுப் பள்ளி ஆசிரியை. ("மஸ்டாங் மசில் கார் இல்லை, போனி கார்" என்று திருத்துவதற்கு எங்கிருந்தாவது ஓர் ஆள் வருவார். வரட்டும்.) ஃபோர்டுக்கும் விஷயம் தெரியும். தனியாக வாழ்ந்து வேலைக்குப் போகும் பெண்களைக் குறிவைத்தே ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு விளம்பரம் போட்டது. விலை குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். டைப்பிஸ்ட்டுகளும் நர்ஸுகளும் ஆசிரியைகளும் தங்கள் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கினார்கள்.

அந்த ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'செக்ரட்டரி கார்'. சொல்லும்போது ஒரு சிரிப்பு இருக்கும். ஏலத்தில் அதன் விலை வி8 மஸ்டாங் பக்கத்தில் நிற்காது. அதனால் அதை வாங்குகிறவர்கள் பலர் செய்யும் முதல் காரியம், அந்த என்ஜினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வி8 வைப்பது. ஒரு பெண் மாதா மாதம் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி, ஓர் ஆணின் ஹைஸ்கூல் கனவுபோல வேஷம் கட்டப்படுகிறது. வரலாற்றைப் பாதுகாக்கிறோம் என்று வேறு பேசுகிறார்கள்.

1968இல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங், 2020 ஜனவரியில் ஃப்ளோரிடா ஏலத்தில் 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. விலையை ஏற்றியது மெக்வீனின் ஆண்மைப் பிம்பம். படத்துக்குப் பிறகு, எழுபதுகளில், அதே காரை வேலைக்குத் தினமும் ஓட்டிப்போனவர் அதை வாங்கிய குடும்பத்தின் மனைவி. அவரும் பள்ளி ஆசிரியை. துரத்தல் காட்சியைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். காலை மணிக்கு முன் பள்ளி வாசலில் வந்து நின்ற அந்த வண்டியைப் பற்றி ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.

நிறத்தையும் பாருங்கள். 1955இல் டாட்ஜ் நிறுவனம் பெண்களுக்கென்று 'லா ஃபெம்' என்ற காரை இளஞ்சிவப்பில் விட்டது. கூடவே அதே நிறத்தில் கைப்பை, லிப்ஸ்டிக் டப்பா, மழைக்கோட்டு, குடை. என்ஜினைப் பற்றிப் பெண்ணுக்கு என்ன கவலை? 1956உடன் நின்றுபோன அந்தக் கார் இன்றுவரை கேலிப்பொருள். அதே டாட்ஜ் 1970இல் சேலஞ்சருக்குப் 'பேந்தர் பிங்க்' பூசியது. அந்த வண்டி கிடைப்பது அரிது, ஆகவே சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். பெண்ணோடு சேர்ந்தால் பிங்க் மட்டம், ஹெமி என்ஜினோடு சேர்ந்தால் பொக்கிஷம்.

"அவர் காசு, அவர் கனவு, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். என் பக்கத்து வீட்டில் 1970 செவெல் ஒன்று இருக்கிறது, 454 கன அங்குல என்ஜின். நல்ல மனிதர், பானெட்டைத் திறந்து என் மகளுக்கும் காட்டியிருக்கிறார். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு சுரண்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவர் மனைவி, நர்ஸ், டூட்டிக்குப் போவதற்காகத் தன் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். செவெல், ஹீட்டர் வைத்த கராஜுக்குள் போர்வை போர்த்தித் தூங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சத்தம்தான் எனக்கு அலாரம். வீட்டுக் கடனில் பாதியைக் கட்டியது அவர் சம்பளம். அந்தக் கூரைக்குக் கீழே அவர் காருக்கு மட்டும் இடமில்லை.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஒருநாள் கேட்டேன், உங்களுக்கு ஹைஸ்கூல் கனவு ஏதும் இல்லையா என்று. சிரித்தார். 1970இல் ஆட்டோ ஷாப் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாராம். வாத்தியார் பட்டியலில் பெயரைப் பார்த்து, இது எழுத்துப்பிழை என்று நினைத்து அடித்துவிட்டாராம். நேரில் போய்ச் சொன்னதும் வகுப்பே சிரித்ததாம். அந்த வருடம் கேக் செய்யக் கற்றுக்கொண்டார்.

இத்தனை வருடத்தில் கணவர் இதைக் கேட்டதே இல்லை. நான் கேட்ட பிறகு, ஒரு வாரம் கழித்து, போனில் ஒரு விற்பனை அறிவிப்பை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். 1965 மஸ்டாங், ஆறு சிலிண்டர். என்ஜின் மாற்றப்படவில்லை என்று எழுதியிருந்தது. அது உண்மையா என்று நேரில் போய்ப் பார்த்துவரச் சனிக்கிழமை நாங்கள் இருவரும் போகிறோம். கராஜில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்ற பேச்சு அவர்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.