வாய்ப்பூட்டு அறமாகுமா?

“நம்பிச் சொன்ன இரகசியத்தை வெளியிடலாமா? தொழில் தர்மம் என்னாவது?” என்று உளநல ஆலோசகர் சிலர் கேட்கின்றனர். தோழர்களே, அந்த இரகசியம் யாருடையது? தனக்கிழைத்த கொடுமையைத் தயங்கித் தயங்கிச் சொன்ன குழந்தையுடையதா? அதைச் செய்துவிட்டு ஊரில் பெரிய மனிதனாக உலவுகிறானே, அவனுடையதா?

சட்டம் விடையளித்துவிட்டது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடுமென அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. மருத்துவருக்கு விலக்கில்லை, ஆலோசகருக்கும் இல்லை. தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன்கீழ்ப் பணிபுரிவோனின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கோ ஓராண்டு வரை சிறை.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், விடுதியில் தங்கிப் பயின்ற பழங்குடிச் சிறுமியர்க்கு நேர்ந்த கொடுமையை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று மருத்துவர் ஒருவர்மீது வழக்கு. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அறிந்தும் தெரிவிக்காமை கடுங்குற்றம் என்று தெளிவுறுத்தியது.

“புகார் செய்தால் குழந்தை இனி வாய் திறக்காதே!” என்பர். கவலை மெய்யானது, ஆனால் அதற்கு மருந்து மௌனமா? “உனக்கு ஆபத்தென்றால், உன்னைக் காக்க வேண்டியவர்களிடம் சொல்வேன்” என்று முதல் நாளே குழந்தைக்கு விளங்கச் சொல்வதே நேர்மை. ஐயத்தைத் தெரிவிப்பது தீர்ப்பெழுதுவது ஆகாது. ஆராயக் காவல்துறை உண்டு. தீர்ப்பளிக்க நீதிமன்றம் உண்டு.

இனி ஆள்வோரைக் கேட்போம். தாளாளர் தரும் சம்பளத்தில் வாழும் பள்ளி ஆலோசகர், அந்தத் தாளாளரின் உறவினனைப் பற்றியே புகார் எழுத நேர்ந்தால்? “பள்ளியின் மானம் போய்விடும்” என்பார்கள். குற்றவாளியை உள்ளே வைத்திருந்தபோது போகாத மானம், குற்றத்தைச் சொன்னதும் போய்விடுமாம்! நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவரை வழக்கிலிருந்து காக்கிறது சட்டம்; அவருடைய வேலையை யார் காப்பது? பேசாதவருக்குச் சிறை வகுத்தீர். பேசியவரின் பிழைப்புக்கும் காவல் வகுப்பீர்!

தோழர்களே, 19ஆவது பிரிவு நம்மையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் தெருவில் ஒரு குழந்தை துன்புறுவதாக அறிந்தால், குற்றவாளி எவனாயினும், நம் மேடையிலேயே அமர்பவனாயினும், காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். 1098 என்ற எண்ணையும் அழையுங்கள். துணிந்து சொன்ன குழந்தையை ஊமையாக்கும் பாவத்தில் நமக்குப் பங்கு வேண்டாம்!