பச்சையா, சிவப்பா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், முன்பு மிளகு மூட்டைகள் அடுக்கியிருந்த ஒரு கிடங்கின் கோடியில், தார்ப்பாயால் மூடிய கார் ஒன்று நிற்கிறது. எம்.ஜி. டி.டி. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1952-ல் தயாரானது. சொந்தக்காரர் என் நண்பர். போன மழைக்காலத்தில் ஒருநாள் போன் செய்தார்.

"ஜனவரியில் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு இந்தக் காரில்தான் போவேன் என்கிறாள். ஆனால் இந்தக் கோலத்தில் இல்லையாம். பெயிண்ட் அடிக்கலாமா, வேண்டாமா? ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள்."

கார் விஷயத்தில் நான் நிபுணன் அல்ல. ஆனால் யோசனை சொல்வதற்கு அது ஒரு தடையாக நம் நாட்டில் எப்போதும் இருந்ததில்லை. கிளம்பிப் போனேன்.

எம்.ஜி. என்றால் இன்றைய இளைஞர்களுக்கு குஜராத்தின் ஹாலோலில் தயாராகிற பெரிய வண்டிகள்தான் நினைவுக்கு வரும். இது அந்தப் பெயரின் பழைய தலைமுறை. இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1949 முதல் 1953 வரை ஏறத்தாழ 30,000 டி.டி.க்கள் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. 1250 சி.சி. எஞ்சின். வேகம் என்று பார்த்தால் இன்றைய சின்ன மாருதியே முந்திவிடும். நீண்ட மூக்கும் திறந்த கூரையும் வளைந்த மட்கார்டும்தான் அதை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குகின்றன.

நண்பரின் அப்பா மசாலா வியாபாரி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரரிடமிருந்து அறுபதுகளில் இதை வாங்கினார். அப்போது கார் பச்சை. 1974-ல் கிடங்குக் கதவுகளுக்குச் சிவப்பு அடித்தபோது இரண்டு டப்பா மீந்தது. வியாபாரிக்கு வீணடிக்க மனம் வருமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பிரஷ்ஷை எடுத்துக் காரைச் சிவப்பாக்கிவிட்டார். கணக்கில் கறாரானவர் என்பதால் மறுவாரமே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ப் பதிவுச் சான்றிதழிலும் நிறத்தைத் திருத்திவிட்டார். அவர் செய்தது சரி. நிறம் என்பது பதிவில் உள்ள விவரம். அதை மாற்றினால் சொல்லத்தான் வேண்டும்.

ஆக, எனக்கு முன்னால் நின்றது காகிதத்தில் சிவப்புக் கார். கண்ணுக்கு அது செங்கல் பொடி தூவியதுபோல வெளுத்துக் கிடந்தது. பானட்டில் பிரஷ் போன தடம் வரிவரியாகத் தெரிந்தது. மட்கார்டு ஓரங்களில் சிவப்பு உதிர்ந்து பச்சை எட்டிப் பார்த்தது.

வீட்டில் மூன்று கட்சிகள். மகளுக்குப் பளபளப்பு வேண்டும், எந்த நிறமானாலும் சரி. பழைய கார் ரசிகரான ஒரு மாமா, "எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ஒரிஜினல் பச்சையைக் கொண்டு வா, மதிப்பு ஏறும்" என்கிறார். நண்பருக்கு எதையும் தொட மனமில்லை. அது அப்பாவின் கைவேலை.

பெயிண்ட் அடிப்பது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பட்டறையில் நடப்பது என்ன? முதலில் இருப்பதை அழிப்பார்கள். உப்புத்தாளால் தகடு தெரியத் தேய்ப்பார்கள். பிறகு டிங்கரிங், பட்டி பார்த்தல், பிரைமர். வண்ணம் வருவது கடைசியில். புதுச் சட்டையைப் பழைய சட்டைமேல் போட்டுக்கொள்கிற காரியமல்ல இது. தோலை உரித்துவிட்டுப் புதுத்தோல் போர்த்துவது.

சுவரின் கதை வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்தவர்கள் சோழர் ஓவியங்களின் மேல் புதிதாகப் பூசித் தங்கள் ஓவியங்களைத் தீட்டினார்கள். கீழே இருந்தது அழியாமல் ஒளிந்திருந்தது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டுபிடித்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையினர் மேலேயிருந்த நாயக்கர் ஓவியத்தைப் பூச்சோடு பெயர்த்தெடுத்து ஃபைபர் கிளாஸ் பலகையில் ஒட்டிப் பாதுகாத்து, கீழேயிருந்த சோழர் ஓவியத்தையும் காட்டினார்கள். இரண்டும் பிழைத்தன. உப்புத்தாள் கார்களுக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை. தேய்த்தால் சிவப்பும் போயிற்று, பச்சையும் போயிற்று. பிறகு அடிக்கப்படும் பச்சை, கடையில் கலந்த இந்த ஆண்டின் பச்சைதான். அதை ஒரிஜினல் என்று எப்படிச் சொல்வது?

யோசிக்க நேரம் வேண்டி, நண்பரை இழுத்துக்கொண்டு மட்டாஞ்சேரி அரண்மனைக்கு நடந்தேன். டச்சு அரண்மனை என்று பெயர். 1555 வாக்கில் கட்டிக்கொடுத்தவர்களோ போர்த்துக்கீசியர்கள். டச்சுக்காரர்கள் 1663-ல் பழுதுபார்த்தார்கள், பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள். பழுதுபார்த்தவன் பெயர் நிலைத்துவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

உள்ளே ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம். ஏறத்தாழ 300 சதுர அடிக்கு இடைவெளியில்லாத ஓவியம். காவியும் பச்சையும் மஞ்சளும். சில இடங்களில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது. அரண்மனையைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. இத்தகைய சுவர்களில் அவர்களுடைய வேலை அழுக்கை எடுப்பதும், கழன்று விழப்போவதை ஒட்டவைப்பதும், ஈரம் வரும் வழியை அடைப்பதும்தான். உதிர்ந்துபோன முகத்துக்குப் புது மூக்கு வரைவதில்லை. முடிசூட்டு மண்டபத்துக்கு எதிர் அறையில் ஒரு ஓவியம் பாதியிலேயே நிற்கிறது. இத்தனை காலத்தில் ஒருவரும் அதை முடித்துவைக்கவில்லை. நண்பர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

பழங்கால நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்கு 1964-ல் வெனிஸில் ஒரு சாசனம் எழுதினார்கள். அதில் இரண்டு விதிகள் நம் வழக்குக்குப் பொருந்தும். ஒன்று, ஒவ்வொரு காலத்தவரும் சேர்த்ததில் தகுதியானதை மதிக்க வேண்டும். முதலில் செய்தவனுக்கு மட்டும் உரிமை இல்லை. இரண்டாவது, இல்லாமல்போனதற்குப் பதிலாகப் புதிதாக வைப்பது பழையதோடு பொருந்த வேண்டும், ஆனால் புதியது என்று அடையாளம் தெரிய வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-ல் டூரினில் ஒப்புக்கொண்ட சாசனம் இதே வழியைப் பின்பற்றியதுதான்.

கோடீஸ்வரர்கள் உலகத்திலும் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் 1950 முதல் பழைய கார்களுக்குப் போட்டி நடக்கிறது. ஆணி முதல் புதுப்பித்து, கண்ணாடிபோல மின்னும் கார்களே அங்கே முதல் பரிசு வாங்கிவந்தன. 2024-ல் முதன்முறையாக, புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றப்பட்ட ஒரு கார் அந்தப் பரிசை வென்றது. 1934-ல் செய்த புகாட்டி டைப் 59. பந்தயத்தில் ஓடியபோது அது நீலம். பிறகு அதை வாங்கிய பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு கறுப்படித்து மஞ்சள் கோடு போடவைத்தார். அந்தக் கறுப்பு இன்று வெடித்தும் உதிர்ந்தும் இருக்கிறது. நீலம்தான் ஒரிஜினல் என்று யாரும் அதைச் சுரண்டவில்லை.

மன்னரின் கறுப்புக்கு உள்ள மரியாதை மசாலா வியாபாரியின் சிவப்புக்கு ஏன் கூடாது என்று கேட்டேன். நண்பர் முகம் மலர்ந்தது. தீர்ப்பு சொல்லிவிட்ட திருப்தியில் நானும் ஒரு டீ குடித்தேன்.

மறுநாள் பெயிண்டர் வந்து என் திருப்தியைக் கெடுத்தார். நாகர்கோவில்காரர், தோப்பும்படியில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறார். கைக்குட்டையில் ஒரு காந்தத்தைச் சுற்றிக் காரின் மேல் அங்குலம் அங்குலமாக ஓட்டினார். தகடு இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டும். பட்டி கனமாக இருந்தால் வழுக்கும். பல இடங்களில் நன்றாகவே ஒட்டியது. இடது கதவின் அடியில் வழுக்கி விழுந்தது. பெயிண்ட் அங்கே கொப்புளம் போட்டிருந்தது. விரலால் அழுத்தினார். பொரித்த அப்பளம்போல உள்ளே போயிற்று.

"சார், சுவர் துருப்பிடிக்காது. இது பிடிக்கும்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. காயலிலிருந்து வரும் காற்றில் உப்பு. உப்பு கலந்த ஈரம் இரும்பை வேகமாகத் தின்னும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலேயிருக்கிற பெயிண்டைத் தூக்கித் தள்ளும். திறந்த வழியில் இன்னும் ஈரம் போகும். இந்த எம்.ஜி.யில் தகடுகளுக்கு உள்ளே இருப்பதோ மரச் சட்டம். அந்த மரம் தண்ணீரைக் குடித்து உளுத்துப்போனால் வெளியே தெரியாது. ஞாபகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சும்மா இருந்தால் பத்து மழையில் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது. பெயிண்ட் அடிப்பது மட்டுமல்ல, அடிக்காமல் விடுவதும் திரும்பப் பெறமுடியாத காரியமாகலாம் என்பதை நான் யோசிக்கவில்லை.

பிறகு அவர் பானட்டின் ஒரு மூலையில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் துணியால் தேய்த்தார். துணி சிவந்தது. அந்த இடம் உள்ளங்கை அளவுக்குக் கருஞ்சிவப்பாக மின்னியது. இந்தக் காலத்துக் கார்களில் வண்ணத்தின் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு உண்டு. அது உரிய ஆரம்பித்தால் பாலிஷ் உதவாது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். அந்தக் காலத்துப் பெயிண்டில் மேலிருந்து கீழ்வரை நிறம்தான். வெயிலில் பொடியான மேல்படலம் போனால் அடியில் உயிர் இருக்கும். ஆனால் கனம் குறைந்துகொண்டே வரும். வருஷா வருஷம் தேய்த்தால் பிரைமர் தெரிந்துவிடும்.

"பச்சை வேணுமா, சிவப்பு வேணுமான்னு கேக்கறீங்க. எங்கே தகடு சாகுது, எங்கே பெயிண்ட் மட்டும் வயசாகியிருக்குன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க சார். தகடு சாகிற இடத்துக்கு வேலை செய்யலாம். வயசுக்கு வைத்தியம் எதுக்கு?"

நான் இரண்டு சாசனங்களைச் சுற்றிக்கொண்டு வந்த இடத்துக்கு அவர் ஒரு காந்தத்தோடு நேராக வந்துவிட்டார்.

அப்படியே முடிவாயிற்று. இடது கதவை மட்டும் கழற்றிப் பிரித்து, மரத்தை மாற்றி, அடித்தகட்டை வெட்டிப் புதுத்தகடு பற்றவைப்பது. மற்ற இடங்களில் உள்பக்கம் துருவைச் சுத்தம் செய்து மெழுகு எண்ணெய் அடிப்பது, தண்ணீர் வடியும் ஓட்டைகளைத் திறந்துவிடுவது. வெளியே ஒருமுறை லேசான பாலிஷ், அவ்வளவுதான். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த பச்சையைத் தொடக்கூடாது. வேலையை டிசம்பருக்குத் தள்ளினார் பெயிண்டர். ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் பால்போல வெளுத்துவிடுமாம்.

சட்டமும் இதற்கு அனுகூலம். 50 வயது தாண்டிய வாகனங்களை விண்டேஜ் என்று தனியாகப் பதிவதற்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏற்கெனவே பதிவானவை பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கதவைப் பிரித்தபோது அதன்மேல் இருந்த அப்பாவின் சிவப்பு போய்விட்டது. போட்டோ எடுத்து வைத்தோம். உதிர்ந்த ஒரு சில்லை நண்பர் கவரில் போட்டு, பழைய கணக்குப் புத்தகத்தில் செருகினார். புதுக் கதவு ஒரே சீராக, வரியில்லாமல், தக்காளிபோல வந்து சேர்ந்தது. கொஞ்சம் மங்கலாக்கித் தர முடியுமா என்று கேட்டார் நண்பர். அது போலி வயது. வேண்டாமென்று நான் தடுத்தேன். பெயிண்டர் கதவின் உள்பக்கம் வேலை முடிந்த தேதியை எழுதிவைத்தார்.

உங்கள் வீட்டுப் பத்து வயது மாருதிக்கு இத்தனை தத்துவம் தேவையில்லை. துரு வந்தால் அடித்துவிடுங்கள். ஆனால் தாத்தாவின் சைக்கிளோ, அம்மாவின் தையல் மெஷினோ, பழைய லாம்பிரட்டாவோ உப்புத்தாளின் முன் நிற்கும்போது, காந்தத்தோடு ஒருவரை முதலில் கூப்பிடுங்கள்.

மகளுக்குச் சமாதானம் சொல்லத்தான் வெகுநேரமாயிற்று. பாலிஷ் போட்ட பானட்டைப் பார்க்க வந்தவள் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. பெயிண்டுக்குள் ஒரு பிரஷ் மயிர் ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. நகத்தால் எடுக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள். "போட்டோவில் தெரியாது இல்லையா, அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரியில் அந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போனாள். வலதுபக்கம் ஸ்டீயரிங் என்பதால் மணப்பெண் இறங்கியது இடது கதவு வழியாக. ஆல்பத்தில் பாதிப் படங்களில் அந்தப் புதுக் கதவுதான் இருக்கிறது.