நரியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கம் நரி என்றாலே கோழித் திருடன் என்றுதான் பேச்சு. கோழி போனால் விடிந்ததும் தெரிந்துவிடுகிறது. ராத்திரி வரப்பில் அது பிடித்த எலிக்கு யாரிடமும் கணக்கில்லை. நரியின் எச்சத்தையும் இரைப்பையையும் ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்டவை எலி, செத்த கால்நடையின் மிச்சம், பூச்சி, பழக்கொட்டை. இலந்தை பழுக்கும் காலத்தில் இலந்தையும் தின்னும். எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதுவே அதன் உணவு. ஐரோப்பிய நரிகள் ஆண்டுக்கு 13,000 டன்னுக்கு மேல் விலங்குக் கழிவையும், 15 கோடிக்கு மேல் பயிர் தின்னும் எலிகளையும் தீர்ப்பதாக 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவர முடியாதுதான். ஆனால் முற்றிய கதிரை அறுத்து வளைக்குள் பதுக்கும் வரப்பெலியோடு மல்லுக்கட்டும் நெல் விவசாயிக்கு, கூலி கேட்காமல் ராத்திரிக் காவல் பார்க்கும் பிராணி வேறு எத்தனை இருக்கிறது?

நரி கோழியைத் தூக்குவது பொய்யில்லை. ஆட்டுக்குட்டியையும் தூக்கும், கரும்பையும் கடிக்கும். நஷ்டப்படுகிறவரிடம் போய் இயற்கைச் சமநிலை பேசுவது நியாயமாகாது. ஆனால் அதை ஊருக்குள் இழுப்பது எது? கோழிக்கறிக் கடைக் கழிவை மூட்டை கட்டி ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் வீசுவது நாம்தான். அந்த வாடைக்கு நரி வரும், தெருநாயும் வரும். வெறிநோய் பயமும் பொய்யில்லை. நரிக்கும் அந்நோய் வரும். ஆனால் மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய்க்கடியால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே தடுப்பூசி போட வேண்டியது நாய்க்கு. எலிக்கு வைக்கும் விஷம் செத்த எலி வழியாக நரியையும் கூகையையும் கொல்லக்கூடும். அப்புறம் எலிதான் மிஞ்சும்.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. வெறும் தண்டனைப் பயத்தால் பாதிக்கப்பட்டவரின் கோபம் அடங்காது. கோழிக்கு இரவில் உறுதியான கூண்டு வேண்டும், குட்டி பறிகொடுத்தவருக்குத் தாமதமில்லாத இழப்பீடு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இறைச்சிக் கடைக் கழிவை அன்றன்றே அள்ளும் வேலையைக் கொம்யூன் பஞ்சாயத்துகள் இந்தச் சம்பா அறுவடைக்குள் தொடங்க வேண்டும்.