‘தெரிந்த விஷயம்தானே’ என்பவர்களுக்கு

வணிகம், சந்தைப்படுத்தல், விளையாட்டு மேலாண்மை ஆகிய துறைகளில் நம் கல்லூரிகளில் நடக்கும் ஆய்வைப் பற்றி ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. கடைக்காரருக்கு என்றோ தெரிந்த விஷயத்தை அட்டவணை போட்டுச் சொல்கிறார்கள், அதற்கு ஒரு முனைவர் பட்டம் வேறு என்பார்கள். திருச்சி சின்னக்கடை வீதி வியாபாரியும் இதைச் சொல்கிறார், ஆசிரியர் ஓய்வறையில் பேராசிரியரும் இதையே சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வதால் மாணவர்களும் நம்பிவிடுகிறார்கள். இது தவறான கருத்து. இதனால் வியாபாரிக்கோ பேராசிரியருக்கோ பெரிய நஷ்டம் இல்லை. அதே திருச்சியின் உறையூரில் குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் நஷ்டம்.

முதலில், அனுபவம் போதும் என்ற வாதம். கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலத்தில் 30 விழுக்காடு தள்ளுபடி தருவது எல்லோருக்கும் தெரியும். தள்ளுபடி போட்டால் சேலை விற்கும் என்பதைச் சொல்ல ஆய்வாளர் எதற்கு என்று கேட்கிறார்கள். விற்கும் என்பது சரி. யார் வாங்கினார்கள்? பக்கத்துக் கடையில் விசைத்தறிச் சேலை வாங்கவிருந்தவர் இங்கே வந்திருக்கலாம். பொங்கலுக்கு முழு விலை கொடுத்து வாங்கவிருந்த வழக்கமான வாடிக்கையாளர் தீபாவளிக்கே வாங்கி வைத்திருக்கலாம். கைத்தறிப் பக்கமே வராதவர் விலையைப் பார்த்து முதல்முறை வந்திருக்கலாம். மூவருக்கும் போடும் பில் ஒன்றுபோலவே இருக்கும். நெசவாளருக்கு இந்த மூன்றும் வேறு வேறு. இரண்டாமவரால் தறியில் ஒரு பாவுகூடக் கூடுதலாக ஏறாது. தள்ளுபடிப் பணம் போனது போனதுதான். கல்லாவில் எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் இதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

பிரித்துக் காட்டும் வேலையை ஆய்வு செய்திருக்கிறது. 1988இல் சுனில் குப்தா என்ற ஆய்வாளர், அமெரிக்கக் குடும்பங்கள் காபித்தூள் வாங்கிய கணக்கை வைத்துச் சலுகைக் காலத்து விற்பனை உயர்வை ஆராய்ந்தார். உயர்வில் 84 விழுக்காட்டுக்கு மேல் வேறு பிராண்டிலிருந்து மாறியதால் வந்தது, 14 விழுக்காட்டுக்கும் குறைவாக முன்கூட்டியே வாங்கியதால் வந்தது, இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாக வாங்கிக் குவித்ததால் வந்தது என்றார். சலுகை என்றால் போட்டியாளரின் வாடிக்கையாளரைப் பிடிப்பது என்று பதினைந்து வருஷம் வகுப்பறைகளில் பாடம் நடந்தது. 2003இல் ஹரால்ட் வான் ஹீர்டே, டிக் விட்டிங்க் இருவரோடு சேர்ந்து அதே குப்தா இன்னொரு கட்டுரை எழுதினார். பழைய விழுக்காட்டை விற்ற பாக்கெட்டுகளின் எண்ணிக்கையாகப் படித்தது பிழை என்றும், சலுகையில் ஒரு பிராண்ட் கூடுதலாக 100 பாக்கெட் விற்றால் மற்ற பிராண்டுகள் இழப்பது சராசரியாக 33தான் என்றும் அது காட்டியது. தன் பெயரோடு பரவிய ஒரு முடிவைத் தானே முன்வந்து திருத்தும் ஒழுக்கம் ஆய்வுக்கு உண்டு. அனுபவம் தன்னைத் தானே இப்படிச் சோதித்துக்கொள்வதில்லை.

காபித்தூள் கணக்கு சேலைக்குப் பொருந்தாது என்பீர்கள். பொருந்தாதுதான். காபித்தூள் தீர்ந்துவிடும், சேலை பீரோவில் இருக்கும். அதனாலேயே விடையை அமெரிக்காவிலிருந்து கடன் வாங்க முடியாது. உறையூர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பில் புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். தேதி, ரகம், விலை, கழித்த தள்ளுபடி எல்லாம் அதில் இருக்கும். சில வருஷத்துப் புத்தகங்களை எடுத்துவைத்து, தள்ளுபடி முடிந்த மறுமாதம் விற்பனை எவ்வளவு சரிந்தது, எந்த ரகத்தில் சரியவே இல்லை என்று பார்த்தாலே ஒரு நல்ல ஆய்வேடு வரும். தள்ளுபடிக்கு அரசுப் பணம் போகிறது. அது தறிவரை வந்து சேர்கிறதா என்று கேட்பது பொது நலன் சார்ந்த கேள்வி.

உறையூர் மாதிரிச் சின்ன இடத்தில் என்ன பெரிய ஆய்வு, அதெல்லாம் ஹார்வர்டில் நடப்பது என்பது அடுத்த வாதம். ஹார்வர்டே நம் ஊருக்கு வந்த கதையை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி, ஹார்வர்டு வணிகப் பள்ளியின் கஸ்தூரி ரங்கன் 1993இல் எழுதிய கேஸ் ஸ்டடி உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளில் பாடமாயிற்று. கேரளக் கடற்கரைக்குச் செல்போன் வந்தபோது மத்தி மீன் விலை எப்படி மாறியது என்று ராபர்ட் ஜென்சன் கணக்கெடுத்தார். மீனவரின் லாபம் 8 விழுக்காடு கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது என்று அவர் 2007இல் எழுதியதைப் பொருளியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதற்கான தரவு கடற்கரை மீன் சந்தையில் கிடைத்தது.

துணித் தொழிலிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவினரும் மும்பைக்கு அருகே 17 நிறுவனங்களின் 28 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு மட்டும் மேலாண்மை ஆலோசனை கொடுத்து, சரக்கறையை ஒழுங்குபடுத்துவது, துணியின் பழுதைக் குறித்து வைப்பது போன்ற சாதாரண வழக்கங்களை ஏற்படுத்தினார்கள். அந்த ஆலைகளில் முதல் வருஷமே உற்பத்தித் திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. முதலாளிகள் அதுவரை இதைச் செய்யாமல் இருந்ததற்கு முக்கியக் காரணம், இப்படி ஒரு வழி இருப்பது தெரியாததும், தெரிந்தாலும் நம்பாததும். ‘எல்லாம் தெரிந்தது’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆலையின் முடிவை அப்படியே உறையூர்க் குழித்தறிக்குப் பொருத்தச் சொல்லவில்லை. அந்த மாதிரிச் சோதனையை இங்கே நடத்த முடியும் என்கிறேன். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ், அர்கரு என்ற ஊரின் துணியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த ஊர் உறையூர்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. எங்கே என்ன சரக்கு கிடைக்கும் என்று வணிகருக்குச் சொல்லும் நூலில் அன்றே இடம்பிடித்த ஊர், இன்று ஆய்வுக்குச் சின்ன ஊராகிவிட்டது என்பதை ஏற்க மனம் வரவில்லை.

போலி இதழ்கள், போலிக் கட்டுரைகள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பணம் கட்டினால் கட்டுரை வந்துவிடும் நிலை எப்படி உண்டானது? 2010 விதிமுறைகள் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வைத்தன. புள்ளிக்காகக் கட்டுரை, கட்டுரைக்காக இதழ் என்று கடைகள் முளைத்தன. இந்த அவசரத்தில் மாணவர் கையில் ஒரு கேள்வித்தாள். ‘மிகவும் உடன்படுகிறேன்’ முதல் ‘சற்றும் உடன்படவில்லை’ வரை ஐந்து கட்டம். தீபாவளிக் கூட்டத்தில் கடைக்காரரிடம் நீட்டினால் அவர் படிக்காமலே நடுக் கட்டத்தில் டிக் அடித்துக் கொடுப்பார். இதிலிருந்து வரும் கட்டுரைக்கு மதிப்பு இல்லைதான். குற்றம் எண்ணிக்கையைக் கேட்ட விதியிலும், அதற்கு இணங்கிய வழிகாட்டிகளிடமும் இருக்கிறது, துறையில் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உணவுச் சந்தைப்படுத்தலில் பெரும்புகழ் பெற்ற பிரையன் வான்சிங்கின் கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டு, 2018இல் அவர் பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. அவருடைய எண்களை மறுபடி கூட்டிப் பார்த்துப் பிழைகளை வெளியே கொண்டுவந்தவர்களும் ஆய்வாளர்களே. முனைவர் பட்டத்துக்கு முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறை எடுத்துவிட்டது. இனி அவசரத்துக்குச் சாக்கு இல்லை.

விளையாட்டு மேலாண்மையைப் படிப்பாகவே மதிக்காதவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. அரசுப் பணத்தில் மைதானம் கட்டினால் ஊர் வளரும் என்ற பேச்சை ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பாலிஸ்ட் இருவரும் தொகுத்த நூல் 1997லேயே கணக்குப் போட்டு மறுத்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நடந்த நான்கு நகரங்களில் திருச்சியும் ஒன்று. அதனால் ஊருக்கு என்ன மிஞ்சியது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சி இந்திய மேலாண்மைக் கழகம் இருப்பது புதுக்கோட்டைச் சாலையில் சின்ன சூரியூரில். பக்கத்து ஊரான பெரிய சூரியூரில் பொங்கலை ஒட்டி ஜல்லிக்கட்டு நடக்கிறது. காளை வளர்ப்பவரின் வருஷச் செலவு, பரிசுப் பொருள் வரும் வழி, கூட்டத்தைக் காக்கும் ஏற்பாடு, காயம் பட்டவருக்குக் காப்பீடு எல்லாம் விளையாட்டு மேலாண்மைப் பாடங்கள்தான்.

வழிகாட்டிப் பேராசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்து வரும் மாணவரிடம் கேள்வித்தாளைக் கொடுக்காதீர்கள். உறையூர்ச் சங்கத்துக்கு அனுப்பிப் பில் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். ஆய்வு முடிந்ததும் தமிழில் பத்துப் பக்கம் எழுதி, முதல் பிரதியைச் சங்கத்தில் கொடுத்துவிட்டு, இரண்டாவதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள்.