கழற்றியதைத் திரும்ப மாட்டுவது

தமிழில் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி பயணத்தைப் பற்றியது. மலைப்பாதை, மழை, தேநீர்க்கடை, தனிமை. வண்டி கதையின் தேவைக்கேற்ப ஓடும். தேவைப்பட்டால் நடுவழியில் நிற்கும். ஏன் நின்றது என்று எழுதியவரும் சொல்வதில்லை, வாசிப்பவரும் கேட்பதில்லை. ராபர்ட் பிர்சிக்கின் ஜென் பற்றிய 1974ஆம் வருட நூலை நம்மில் பலர் வாசித்திருக்கிறோம். அதன் தத்துவ விசாரத்தைப் பற்றி விடியவிடியப் பேசக்கூடிய நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட ஒரு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்ததில்லை. (நூலின் தலைப்பில் பராமரிப்பு என்ற சொல்லும் இருக்கிறது என்பதை நினைவூட்டலாம்.)

பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் பொருத்துவது எழுத்தில் வரவேண்டிய ஓர் அறிவு என்பது என் கட்சி. அதற்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம்.

திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கார்புரேட்டரின் உடம்பில் மிக்கார்ப் என்று பொறித்திருக்கும். ஜப்பானின் மிகுனி நிறுவனத்து வடிவமைப்பு. சென்னையைச் சேர்ந்த யூகால் நிறுவனத்தின் தயாரிப்பு. கையில் அடங்கும் இந்த உலோகத்துண்டுக்குள் மின்சாரம் கிடையாது. பிஸ்டன் கீழிறங்கும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று குறுகிய தொண்டை வழியே போகையில் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அடிக்கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் சிறு துளைகள் வழியே மேலேறித் தூறலாகக் காற்றில் கலக்கிறது. முழுமையாக எரிவதற்கு ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை இங்கே போடுவது துளைகளின் அளவும் ஓர் ஊசியின் சரிவும்தான்.

வண்டி நின்றபடி உறுமும்போது ஸ்லோ ஜெட் வேலை செய்கிறது. பாதி ஆக்ஸிலேட்டரில் ஊசி. முழுதும் முறுக்கினால் மெயின் ஜெட். ஆகவே வண்டி எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்பதே அடைப்பு எங்கே என்று ஏறக்குறையச் சொல்லிவிடும். ஓடும்போது நன்றாக ஓடி, சிக்னலில் அணைந்துபோகிற வண்டியில் முதலில் சந்தேகிக்கவேண்டியது ஸ்லோ ஜெட்டை. மூன்றில் மிகச் சிறிய துளை அதுதான். சில மாதங்கள் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போலப் படிந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான்.

கழற்றுவது சுலபம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. கிண்ணத்தைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் திருகுகள் பெரும்பாலும் ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. கடையில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளி அவற்றில் முழுதாக இறங்காது. வழுக்கி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். நம் ஊரில் ஓடும் பழைய கார்புரேட்டர்கள் பலவற்றில் திருகின் தலை சிதைந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

சுத்தம் செய்வதில் எனக்கு ஒரு பெரிய புகார் உண்டு: கம்பி. கிளட்ச் வயரிலிருந்து உருவிய ஒற்றை இழையை ஜெட்டுக்குள் விட்டுக் குடைவது நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். ஜெட் பித்தளை, வயர் எஃகு. ஜெட்டின்மேல் பொறித்திருக்கும் எண் அதன் துளை விடும் எரிபொருளின் அளவைக் குறிக்கிறது. கம்பி போய்வந்தபின் அந்த எண் பொய்யாகிவிடுகிறது. பிறகு வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்று புலம்பிப் பயனில்லை. பட்டறைக்காரரை மட்டும் இதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைக்குமேல் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கு ஐந்து நிமிடத்தில் வண்டி வேண்டும். கம்பி ஐந்து நிமிட வேலை. ஜெட்டுகளைக் கழற்றிக் கிளீனரில் ஊறவிட்டு, கம்ப்ரசர் காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வட்டமான ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பதற்குப் பாதி நாள் ஆகலாம். மிதவையையும் ரப்பர் வளையங்களையும் முன்பே எடுத்துவிட வேண்டும். கிளீனரும் காற்றழுத்தமும் அவற்றுக்கு ஆகா.

வித்தை முழுவதும் திரும்ப மாட்டுவதில் இருக்கிறது. சுத்தம் செய்தபிறகு வண்டி முன்னைவிட மோசமாக ஓடுகிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை இங்கே பிறப்பவை. மிதவையை அதன் அச்சாணியில் கோத்தபின், பெட்ரோல் வரும் முனையில் வாய்வைத்து ஊதிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். மிதவை தாழ்ந்திருக்கையில் காற்று போகவேண்டும், உயர்த்தினால் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அந்த வண்டி இரவு முழுதும் பெட்ரோலைத் தரையில் ஒழுகவிடும். பித்தளை ஜெட்டுகளை முதலில் விரலால் திருகவேண்டும். புரி சரியாக விழுந்தது உறுதியான பின்பே திருப்புளி, அதுவும் இலேசாக. ஊசியின் தலையில் ஐந்து வெட்டுகள் உண்டு. கிளிப் எதில் இருந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். கிளிப் ஒரு வெட்டு கீழே போனால் ஊசி ஒரு படி உயரும், பெட்ரோல் கூடும்.

ஏர் ஸ்க்ரூ தனிக் கதை. கழற்றுமுன் அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியைத் தொடுகிறது என்று எண்ணி எழுதிவைக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அடிவரை கொண்டுபோய் அதே சுற்றுகள் வெளியே. தொட்டபின் அழுத்தினால் கூர்முனை போய்விடும். புல்லட்டில் இது ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்து காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். திருகு எஞ்சின் பக்கமாக அமைந்த வேறு சில வண்டிகளில் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. அங்கே வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். பார்வைக்கு ஒரே மாதிரித் திருகு, பொருள் நேரெதிர். ஒரு வண்டியில் கற்றதை இன்னொன்றில் கண்ணைமூடிச் செய்பவர்கள் விழும் பள்ளம் இது.

ஸ்லைடின் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்கவேண்டும். மாற்றிப் போட்டால் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் அலறக்கூடும். மாட்டியபின் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் ஸ்லைடு 'டக்' என்று அடியில் விழும் ஒலி கேட்கவேண்டும். அந்த ஒலி கேட்காமல் கிக்கரில் கால் வைக்கக்கூடாது. ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பியும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வயர் எங்காவது இழுபட்டால் அப்போது தெரிந்துவிடும்.

கடைசியாக எஞ்சினோடு இணைக்கும் இரண்டு நட்டுகள். ஒன்றை முழுதும் முறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கவேண்டும். பலத்தைக் காட்டினால் விளிம்பு வளையும். மயிரிழை இடைவெளியில் கணக்கில் வராத காற்று நுழையும். ஐடிலிங் ஏறி இறங்கும், ஆக்ஸிலேட்டரை விட்டபின்னும் வேகம் தணியாது. உடனே எல்லோரும் ஏர் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிப்பார்கள். கோளாறு அங்கே இருக்காது. 1983 முதல் எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350 போன்ற இரட்டைக் கார்புரேட்டர் வண்டிகளில் இவ்வளவும் இருமுறை. அதற்குமேல் இரண்டு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழவேண்டும் என்ற நிபந்தனை வேறு.

இனி அவசரத்துக்கு வருகிறேன். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை முதலில் 2030 என்று வைத்திருந்த இந்திய அரசு, பின் அதை 2025-26க்கு முன்னிழுத்தது. 2025க்குள் பெட்ரோல் நிலையங்களில் பொதுவாகக் கிடைப்பது அதுவே என்றாயிற்று. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். 20 சதவீதக் கலவைக்குத் தேவையான காற்று 14.7லிருந்து சுமார் 13.5ஆக இறங்குகிறது. ஊசிவழி எரிபொருளைப் பீய்ச்சும் புதிய வண்டியின் கணினி இதை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். பித்தளைத் துளைக்கு அந்த அறிவு கிடையாது. பழைய அளவிலேயே விடும். கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். மழைக்காலம் முழுதும் நின்ற வண்டியில் நீரும் எத்தனாலும் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கலாம். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கையும் அது இளக்கி ஜெட்டுக்கு அனுப்பும்.

பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் மாற்றவேண்டி வரலாம், செலவு குறைவு என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கியது. எத்தனால் கலவாத பெட்ரோலையும் விற்கக் கோரிய பொதுநல வழக்கை அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரப்பர் வளையத்தின் விலை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைச் சரியாக மாட்டத் தெரிந்த கை அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை என்பதுதான் என் வாதம். 2020 ஏப்ரல் 1 முதல் அமலான பிஎஸ்-6 விதிகளோடு, புதிய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றுவிட்டது. புகையைப் பொறுத்தவரை அது நல்ல முடிவு. கார்புரேட்டர் திரும்பி வரவேண்டும் என்று கேட்கும் ஏக்கக்காரன் அல்லன் நான். ஆனால் பட்டறையில் இன்று தொழில் கற்கும் இளைஞன் ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைப் படிக்கக் கற்கிறான். அவனுக்கு அதில்தான் எதிர்காலம். ஏர் ஸ்க்ரூவின் சுற்றைக் காதால் கேட்டு வைக்கத் தெரிந்தவர் கண்பார்வை மங்கி வீட்டில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். பால்கேனும் காய்கறி மூட்டையும் கட்டி இந்தப் பழைய வண்டிகளைத் தினமும் ஓட்டுகிறவர்கள் எங்கே போவது?

இந்த அறிவு தமிழில் வாய்மொழியாகவே இருந்துவந்திருக்கிறது. 'இழுவை இல்லை', 'மிஸ்ஸிங் அடிக்குது', 'மூச்சு முட்டுது' என்று பட்டறைத் தமிழ் எஞ்சினின் நோய்களைத் துல்லியமாகவே பிரித்துச் சொல்கிறது. பாதி ஆங்கிலம் கலந்தது என்பதற்காக அதை அச்சில் ஏற்றத் தயங்குகிறோம் என்று தோன்றுகிறது. கலைச்சொல் அமைத்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தால் சொல் வந்துசேரும்போது சொல்லித்தர ஆள் இருக்கமாட்டார். கைவேலையைப் படிப்படியாக, அளவோடு, ஒரு படியும் விடாமல் எழுதுவது உரைநடைக்கு மிகக் கடினமான பயிற்சிகளில் ஒன்று. சிறுகதையில் மழையை வர்ணிப்பதைவிடக் கடினம். மெக்கானிக்கின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் செய்வதைச் செய்கிற வரிசையிலேயே அவர் சொற்களில் எழுதிக்கொள்ளும் பொறுமை நம்மில் சிலருக்காவது வரவேண்டும்.

புல்லட் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. இரண்டு வாரத்துக்குமேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். வடிவதைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால், அடியில் தனியாக ஒரு படலம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.